பிரெஞ்சு மடமும் தமிழ்ப் பங்கும்: சிங்கப்பூரில் இரண்டு ஆலயங்களின் பிற்கால வாழ்வு

1. கேள்வி

சிங்கப்பூரில் விக்டோரியா ஸ்திரீட்டும் பிராஸ் பசா சாலையும் சேரும் இடத்தில் ஒரு கோதிக் சிற்றாலயம் இருக்கிறது. பிரான்சிலிருந்து வந்த குழந்தை இயேசு சபைக் கன்னியர் தங்கள் மடத்துக்காக எழுப்பியது அது. 1904 ஜூன் 11 அன்று அர்ச்சிக்கப்பட்டது. 1983 நவம்பர் 3 அன்று அங்கே கடைசித் திருப்பலி நடந்தது. இன்று அது சைம்ஸ் என்ற உணவக வளாகத்தின் நடுவே, திருமணங்களுக்கும் விருந்துகளுக்கும் வாடகைக்குக் கிடைக்கும் மண்டபம்.

அங்கிருந்து வடகிழக்கே சுமார் ஒரு கிலோமீட்டர் நடந்தால் ஓபிர் சாலையில் லூர்து மாதா ஆலயம். ரோச்சோர் கால்வாயைத் தாண்டினால் தேக்கா என்ற இந்தியர் வட்டாரம். 1888இல் தமிழ்க் கத்தோலிக்கருக்காகத் திறக்கப்பட்ட இந்த ஆலயத்தில் இன்றும் தமிழ்த் திருப்பலி நடக்கிறது.

இரண்டும் பிரெஞ்சு மறைப்பணியால் உருவானவை. இரண்டும் கோதிக் பாணியைத் தழுவியவை. இரண்டும் தேசிய நினைவுச் சின்னங்கள். அப்படியிருந்தும் ஒன்றில் வழிபாடு நின்றுபோனது, மற்றதில் தொடர்கிறது. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்ன, அது மரபுடைமைப் பாதுகாப்பைப் பற்றி நமக்கு என்ன சொல்கிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

2. இதுவரையான மூன்று பார்வைகள்

மடத்துச் சிற்றாலயத்தைப் பற்றி மூன்று விதமான பேச்சுகள் வழங்குகின்றன. முதலாவது கட்டடக்கலை நோக்கு. வெப்பமண்டலத் துறைமுகம் ஒன்றில் பெயர்த்து வைக்கப்பட்ட ஒரு துண்டு பிரான்ஸ் என்று அது இக்கட்டடத்தை வருணிக்கும். சுற்றுலாக் கையேடுகளுக்கு மிகவும் பிடித்த பார்வை இதுதான்.

இரண்டாவது பாதுகாப்பு வல்லுநர்களின் நோக்கு. மடத்தின் மிகப் பழைய பகுதியான கால்டுவெல் இல்லமும் சிற்றாலயமும் 1990 அக்டோபரில் தேசிய நினைவுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. புதுப்பித்த வளாகம் 1996இல் திறக்கப்பட்டது. பிரான்சின் வரலாற்றுச் சின்னங்களுக்கான கட்டடக் கலைஞர் திதியே ரெபெலின் அந்தப் பணியில் பங்கேற்றார். 2002இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுடைமை விருது கிடைத்தது. இந்த நோக்கில், இடிபட்டிருக்கக்கூடிய ஒரு கட்டடம் புதிய பயனால் பிழைத்தது. அதுவே வெற்றி.

மூன்றாவது கத்தோலிக்கரும் பழைய மாணவியரும் சொல்வது. அவர்களில் பலருக்கு அது ஆற்றாமையின் குரல். 2012 ஏப்ரலில், அதுவும் ஈஸ்டர் வார இறுதியில், இந்த மண்டபத்தில் ஓர் இரவுக் கேளிக்கைக்கு ஏற்பாடானது. விளம்பரத்தில் கன்னியர் உடையைக் கேலியாக்கும் படங்கள் இருந்தன. கத்தோலிக்கர்கள் எதிர்த்தார்கள், நிகழ்ச்சி ரத்தானது. வழிபாடு முடிந்து இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்தும் அந்த இடம் முழுக்க உலகியல் இடமாகிவிடவில்லை என்பதற்கு இது சான்று.

மூன்று பார்வைகளிலும் உண்மை உண்டு. ஆனால் மூன்றும் கட்டடத்தை மட்டுமே பார்க்கின்றன. அதற்கு உரிமை கொண்டாடக்கூடிய சமூகம் எத்தகையது என்று எதுவும் கேட்பதில்லை.

3. ரூவானிலிருந்து விக்டோரியா ஸ்திரீட் வரை

குழந்தை இயேசு சபையின் வேர் பிரான்சின் ரூவான் நகரில் இருக்கிறது. மினிம் சபைத் துறவி நிக்கொலா பாரே 1662இல் அந்நகரை ஒட்டி ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளிகள் தொடங்கக் காரணமாக இருந்தார். அங்கே கற்பித்த பெண்கள் சிறிது காலத்தில் ஒரு குழுவாக வாழத் தொடங்கினார்கள். பின்னர் பாரிஸின் சேன்-மோர் தெருவில் நிலைகொண்டதால் அத்தெருவின் பெயராலேயே நெடுங்காலம் அறியப்பட்டார்கள். தொடக்கத்திலிருந்தே இது கற்பிக்கும் சபை. அடைபட்ட மடத்தில் செபத்துக்கென்றே வாழும் துறவியரின் சபை அல்ல. பின்னால் வரும் வாதத்துக்கு இந்த வேறுபாடு முக்கியமானது.

சிங்கப்பூருக்கு அவர்களை அழைத்தவர் பாரிஸ் அந்நிய மறைப்பணிச் சபையின் குரு ஜான்-மரி பெரேல். 1839இல் இங்கு வந்த அவர், 1847இல் திறக்கப்பட்ட நல்லாயன் பேராலயத்தைக் கட்டியவர். 1852இல் லசால் சகோதரர்களை வரவழைத்துப் புனித சூசையப்பர் கல்விக்கூடத்தைத் தொடங்கினார். அதே ஆண்டில் பேராலயத்துக்கு எதிரே இருந்த கால்டுவெல் இல்லத்தையும் கன்னியருக்காக வாங்கினார். ஜார்ஜ் கோல்மன் வடிவமைத்து 1840, 1841 ஆண்டுகளில் எழுந்த வீடு அது. மடத்தின் மிகப் பழைய பகுதியைக் கட்டியவர் பிரெஞ்சுக்காரர் அல்லர் என்பதை இங்கே குறித்துக்கொள்ளலாம்.

1854 பிப்ரவரியில் அன்னை மத்தில்த் ரக்லோ தலைமையில் கன்னியர் பினாங்கிலிருந்து வந்து சேர்ந்தார்கள். வந்த சில நாள்களிலேயே வகுப்புகள் தொடங்கின. கட்டணம் செலுத்தும் மாணவியர் ஒரு பக்கம், ஏழைகளும் அனாதைகளும் இன்னொரு பக்கம். கால்டுவெல் இல்லத்தின் அரைவட்ட மாடி அறையில் கன்னியர் தைத்தார்கள், படித்தார்கள், கடிதம் எழுதினார்கள்.

மூலையில் இருந்த ஒரு சிறு கதவுதான் இந்த மடத்தை நகரத்தோடு சேர்த்தது. வளர்க்க முடியாத குழந்தைகளை அதன் அருகே விட்டுச் சென்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண் குழந்தைகள். வறுமை ஒரு காரணம். புலி ஆண்டில் பிறந்த பெண் குடும்பத்துக்கு ஆகாது என்ற சீன நம்பிக்கை இன்னொரு காரணம். அக்குழந்தைகளைக் கன்னியர் எடுத்து வளர்த்தார்கள். ‘நம்பிக்கை வாயில்’ என்ற பெயர் பின்னர் அக்கதவுக்கு நிலைத்தது.

ஜப்பானிய ஆட்சியின்போது 1943இன் இறுதியிலிருந்து, ஆயர் அட்ரியன் டெவால்ஸ் முன்னின்று, கத்தோலிக்கர் பலர் நெகிரி செம்பிலானின் பகாவ் குடியிருப்புக்குப் போனார்கள். மடத்துக் கன்னியரிலும் அனாதைகளிலும் சிலர் அவர்களோடு சென்றனர். மலேரியா அங்கே பலரைப் பலிகொண்டது. ஆயரும் 1945 தொடக்கத்தில் இறந்தார். மடத்தின் வரலாற்றில் மிக இருண்ட இந்த அத்தியாயம், சைம்ஸ் வளாகத்தில் சாப்பிட வருபவரின் கண்ணில் எளிதில் படுவதில்லை.

4. சிற்றாலயம் எந்த அளவுக்குப் பிரெஞ்சு?

மடத்தின் முந்தைய சிற்றாலயம் பழுதடைந்ததால்தான் புதியது எழுந்தது. வடிவமைத்தவர் குரு சார்ல் பெனடிக்ட் நைன். அவர் பிரான்சைச் சேர்ந்தவர், குவீன் ஸ்திரீட்டிலுள்ள புனிதர்கள் பேதுரு பவுல் ஆலயத்தில் பணியாற்றியவர். சாலைக்கு அப்பால் புனித சூசையப்பர் கல்விக்கூடத்தின் வளைந்த இரு சிறகுகளும் அவர் திட்டமிட்டவையே. ஐந்தடுக்குக் கோபுரம், வெளிப்புற உதை வளைவுகள், கூர்முனைச் சன்னல்கள் என எல்லாம் பிரெஞ்சு கோதிக் மரபைச் சேர்ந்தவை.

நெருங்கிப் பார்த்தால் இந்தச் சித்திரம் சற்று மாறுகிறது. வண்ணக் கண்ணாடிகள் பிரான்சிலிருந்து வரவில்லை. பெல்ஜியத்தின் ப்ரூஜ் நகரில் ஜூல் டொபலேர் பட்டறையில் செய்யப்பட்டவை. தூண் தலைப்புகளின் எண்ணிக்கை 648 என்று சொல்லப்படுகிறது. அவற்றில் இந்த மண்டலத்தின் செடிகொடிகளும் பறவைகளும் வடிக்கப்பட்டிருக்கின்றன, ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. ஐரோப்பிய கோதிக் ஆலயங்களிலும் தலைப்புகளில் இலைகள் உண்டு. ஆனால் அவை அந்தந்த வட்டாரத்தின் ஓக், ஐவி, திராட்சை இலைகள். அதே மரபைத்தான் நைன் இங்கேயும் கடைப்பிடித்தார், இலைகளை மட்டும் இந்த மண்ணிலிருந்து எடுத்துக்கொண்டார். எனவே ‘பெயர்த்து வைக்கப்பட்ட பிரான்ஸ்’ என்ற வருணனை பாதி உண்மைதான். இலக்கணம் பிரெஞ்சு, சொற்கள் வெப்பமண்டலத்தவை.

5. பிரான்சில் அதே வேளையில்

சிற்றாலயம் அர்ச்சிக்கப்பட்ட காலத்தை இன்னொரு கோணத்திலும் பார்க்க வேண்டும். அர்ச்சிப்பு முடிந்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், 1904 ஜூலை 7 அன்று, துறவற சபைகள் பள்ளி நடத்துவதைத் தடைசெய்யும் சட்டம் பிரான்சில் நிறைவேறியது. அடுத்த ஆண்டு டிசம்பரில் அரசும் திருச்சபையும் சட்டப்படி பிரிந்தன. தாய்நாட்டில் கற்பிக்கும் கன்னியருக்குக் கதவு அடைபட்ட வேளையில், பிரிட்டிஷ் காலனியான சிங்கப்பூரில் அவர்களின் சபைக்குப் புதுக் கோபுரம் எழுந்தது. ‘பிரெஞ்சு’ மடம் என்று நாம் அழைக்கும் நிறுவனம், அன்றைய பிரெஞ்சு அரசின் கொள்கைக்கு எதிர்த் திசையில்தான் வளர்ந்தது.

மடத்து ஆலயங்கள் வேறு பயனுக்கு மாறியதும் சிங்கப்பூரில் தொடங்கிய வழக்கம் அன்று. பிரெஞ்சுப் புரட்சியில் மடங்களின் உடைமைகள் நாட்டுடைமையானபோது நூற்றுக்கணக்கான ஆலயங்கள் கிடங்குகளாகவும் சிறைகளாகவும் மாறின. துலூஸ் நகரின் ஜாக்கோபின் மடத்து ஆலயம் ராணுவத்தின் வசம் போய்க் குதிரை லாயமானது. பாரிஸின் சேன்-மார்தன்-தே-ஷான் மடத்து ஆலயம் தொழில்நுட்ப அருங்காட்சியகத்தின் பகுதியானது. இன்று இரண்டுமே மக்கள் விரும்பிப் போய்ப் பார்க்கும் இடங்கள். ஆகவே சைம்ஸை ஒரு தனித்த அவமதிப்பாகக் காண்பது வரலாற்றோடு பொருந்தாது. மாற்றம் நேர்ந்ததா என்ற கேள்வியைவிட, எதற்கு மாறியது, யாருடைய நினைவு அதில் தொலைந்தது என்ற கேள்விகளே பயனுள்ளவை.

6. ஓபிர் சாலையின் தமிழ்ப் பங்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சிங்கப்பூர்க் கத்தோலிக்கர் மொழிவாரியாகப் பிரிந்து நின்றார்கள். ஐரோப்பியருக்கும் யூரேஷியருக்கும் நல்லாயன் பேராலயம். சீனருக்கும் தமிழருக்கும் 1870இல் கட்டி முடிந்த புனிதர்கள் பேதுரு பவுல் ஆலயம். இதை எழுப்பிய குரு பியேர் பாரி சீன மொழியும் தமிழும் அறிந்தவர். ஒரே கூரையின்கீழ் இரண்டு மொழிச் சமூகங்கள் பெருகியபோது தமிழருக்குத் தனி ஆலயம் தேவைப்பட்டது.

அந்தப் பொறுப்பை ஏற்றவர் குரு மெனுவ்ரியே. 1886 ஆகஸ்டில் ஆயர் எட்வார் காஸ்னியே அடிக்கல் நாட்டினார், 1888இல் ஆலயம் திறக்கப்பட்டது. வடிவமைப்பு ஸ்வான் அண்ட் லெர்மிட் என்ற உள்ளூர் நிறுவனத்துடையது. முன்மாதிரி பிரான்சின் லூர்து பேராலயம். 1858இல் பெர்னதெத் சுபிரூ என்ற சிறுமிக்கு மாதா காட்சி கொடுத்ததாகக் கத்தோலிக்கர் நம்பும் கெபிக்கு மேலே கட்டப்பட்டு, 1876இல் அர்ச்சிக்கப்பட்ட ஆலயம் அது.  

பிரான்சின் ஒரு மலையடிவார ஊர் மாதாவைச் சிங்கப்பூர்த் தமிழர் எப்படித் தங்கள் மாதாவாக ஏற்றார்கள்? பிரெஞ்சுக் குருக்களின் தேர்வு என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் புதுச்சேரியை அடுத்த வில்லியனூரில் லூர்து மாதா வழிபாடு 1877இலேயே வேரூன்றியிருந்தது. பிரான்சிலிருந்து வந்த சொரூபம் அங்கே நிறுவப்பட்டு, நவநாளும் தேர்பவனியுமாகத் தமிழ் வழிபாட்டு மரபில் கலந்துவிட்டது. புதுச்சேரிப் பகுதியிலும் பாரிஸ் மறைப்பணிச் சபையே பணியாற்றியது. அந்தக் கரையிலிருந்து கப்பலேறியவர்களுக்கு லூர்து மாதா ஏற்கெனவே அறிமுகமானவர் என்று கருத இடமுண்டு. அப்படியானால் ஓபிர் சாலைக்கு லூர்து நேரே பிரான்சிலிருந்து வரவில்லை, வில்லியனூர் வழியாகத் தமிழாகி வந்தது. இது என் ஊகமே. ஆனாலும் கட்டட வடிவத்தை மட்டும் வைத்துப் ‘பிரெஞ்சுப் பிரதி’ என்று முடிவுகட்டுவதைவிட இது மக்களின் நடமாட்டத்தோடு நெருங்கிப் பொருந்துகிறது.

சுற்றுப்புறம் இதற்கிடையே தலைகீழாக மாறிவிட்டது. பழைய குடியிருப்புகளில் வாழ்ந்தவர்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்து தீவெங்கும் சிதறினார்கள். வண்ணமயமான ரோச்சோர் சென்டர் அடுக்குமாடிகளும் நிலத்தடி விரைவுச்சாலைத் திட்டத்துக்காக இடிக்கப்பட்டன. ஆலயத்தைச் சுற்றி இன்று தமிழ்க் குடியிருப்பு என்று எதுவும் இல்லை. பங்கும் தமிழருக்கென்றே ஒதுக்கப்பட்டதாக இல்லை, பல மொழியினரும் வருகிறார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை தமிழில் பூசை காண விரும்புகிறவர்கள் தொலைவிலிருந்தும் இங்கே வந்துசேர்கிறார்கள். பூசை முடிந்த கையோடு தேக்கா சந்தைக்கோ சிராங்கூன் சாலைக்கோ போய்ச் சாமான் வாங்கித் திரும்புவது பல குடும்பங்களுக்கு ஒரே பயணம்.

7. சான்றுகளை எடைபோடல்

இப்போது முதற்கேள்விக்கு வரலாம். இரண்டு கட்டடங்களை மட்டும் ஒப்பிட்டால் முடிவு தற்செயலாகத் தோன்றலாம். எனவே அதே வட்டாரத்தின் பழைய கத்தோலிக்கக் கட்டடங்கள் ஆறையும் சேர்த்துப் பார்ப்போம்.

நல்லாயன் பேராலயம், புனிதர்கள் பேதுரு பவுல் ஆலயம், லூர்து மாதா ஆலயம், போர்த்துகீசிய மறைப்பணியின் மரபில் வந்து 1912இல் புதிதாய் எழுந்த விக்டோரியா ஸ்திரீட் புனித சூசையப்பர் ஆலயம் ஆகிய நான்கிலும் வழிபாடு தொடர்கிறது. குழந்தை இயேசு மடம், புனித சூசையப்பர் கல்விக்கூடம் ஆகிய இரண்டிலும் நின்றுவிட்டது. மடத்துப் பள்ளி 1983இல் தோ பாயோவுக்குப் போனது. கல்விக்கூடம் 1987இல் மால்கம் சாலைக்கு இடம் மாறியது. அதன் கட்டடம் சைம்ஸ் திறந்த அதே 1996இல் சிங்கப்பூர்க் கலை அருங்காட்சியகமானது. அங்கிருந்த சிற்றாலயம் அரங்கமாயிற்று.

இதில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. நிலைத்த நான்கும் மக்கள் கூடும் பொது ஆலயங்கள், மறைந்த இரண்டும் பள்ளிச் சிற்றாலயங்கள். அழகு, பழமை, பாணி, நிலமதிப்பு ஆகிய எதுவும் இந்தப் பிரிவினையை விளக்காது. நல்லாயன் பேராலயமும் மடமும் ஒரே தெருவின் இருபுறமும் நிற்பவை. இரண்டின் நிலமதிப்பும் பெரிதாக வேறுபட வாய்ப்பில்லை.

காரணம், பங்கு ஆலயத்துக்கு உரியவர்கள் குடும்பங்கள். பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் அங்கேயே பதிவாகின்றன. வீடு மாறினாலும் உறவு அறுவதில்லை. பள்ளிச் சிற்றாலயத்துக்கு உரியவர்களோ ஒரு நிறுவனத்தின் உறுப்பினர்கள். மாணவி பத்தாண்டுகளில் வெளியேறுவாள், கன்னியர் சபையின் ஆணைப்படி வேறு ஊருக்குப் போவார். மத்தில்த் ரக்லோவே 1872இல் ஜப்பானுக்குப் போனார், அங்கேதான் இறந்தார். பள்ளி இடம் மாறிய நாளில் சிற்றாலயத்தின் சமூகமும் அதோடு சேர்ந்து போய்விட்டது.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழலாம். முதலாவது: அரசின் நகரத் திட்டம்தான் உண்மையான காரணம், சமூகத்தின் தன்மை அல்ல. நகர மையத்திலிருந்து பள்ளிகளை வெளியே கொண்டுபோனது நகர வளர்ச்சியின் போக்கு என்பது சரியே. ஆனால் பள்ளியை இடம் மாற்ற முடிந்ததற்கும் பங்கு ஆலயத்தைத் தொட முடியாமல் போனதற்கும் அடிப்படை, மேலே சொன்ன அந்த வேறுபாடுதான். இரண்டாவது: மடத்து ஆலயம் எதுவும் நிலைக்காதா? நிலைக்கும். புக்கித் தெரேசாவில் கார்மேல் சபைக் கன்னியரின் மடம் இன்றும் செபவாழ்வோடு இயங்குகிறது. அங்கே துறவியர் குடியிருப்பதே மடத்தின் நோக்கம். விக்டோரியா ஸ்திரீட்டிலோ கன்னியரின் இருப்பு பள்ளியைச் சார்ந்திருந்தது. இந்த விதிவிலக்கு வாதத்தைக் குலைக்கவில்லை, இன்னும் துல்லியமாக்குகிறது.

அனாதைகளின் இடம் இன்னும் சிக்கலானது. பள்ளியின் பழைய மாணவியர் சங்கமாய்த் திரண்டு குரல் கொடுக்க முடிந்தது. கதவருகே விடப்பட்ட குழந்தைகளுக்கோ பெற்றோர் பெயரும் இல்லை, முன்னோர் ஊரும் இல்லை. பெரேலின் பெயர் இருக்கிறது, நைனின் பெயர் இருக்கிறது, கண்ணாடி செய்த பட்டறையின் பெயர்கூட இருக்கிறது. சிற்றாலயத்தை மிக அதிகமாகப் பயன்படுத்தியவர்களில் பெரும்பாலோர் பெயரற்றுப் போனார்கள். கட்டடத்தைக் காக்கும் சட்டத்துக்கு இந்த இழப்பைத் தடுக்கும் ஆற்றல் இல்லை. அது அதற்காக எழுதப்பட்டதும் அல்ல.

8. முடிவு

சைம்ஸைத் தோல்வி என்று சொல்வது நியாயமாகாது. கோபுரமும் கண்ணாடிகளும் தூண் தலைப்புகளும் பிழைத்திருப்பது அந்தப் புதுப்பிப்பினால்தான். ‘கிரேஸி ரிச் ஏஷியன்ஸ்’ படத்தின் திருமணக் காட்சியால் உலகெங்கும் பலர் அந்த மண்டபத்தைப் பார்த்துவிட்டார்கள். ஆனால் அங்கே வென்றது கட்டடக்கலை மட்டுமே, மடத்தின் சமூக வரலாறு வெல்லவில்லை. ஓபிர் சாலையிலோ கட்டடமும் பயனும் சேர்ந்தே நிலைத்தன. 2005இல் வந்த நினைவுச் சின்ன அறிவிப்புக்கு நூறாண்டுகளுக்கும் மேலாக முன்பிருந்தே அந்த ஆலயத்தைக் காத்து வந்தவர்கள் அதன் பங்கு மக்கள்.

இதிலிருந்து இரண்டு பணிகள் பிறக்கின்றன. ஒன்று, சைம்ஸ் வளாகத்திலேயே அனாதை இல்லத்துக்கும் பகாவ் துயரத்துக்கும் உரிய காட்சியிடம் அமைய வேண்டும். கதவோரத்தில் ஒரு பெயர்ப்பலகை போதாது. இரண்டாவது நம்முடையது. பங்கு ஆலயங்களின் திருமுழுக்கு, திருமண, இறப்புப் பதிவேடுகள் சமய ஆவணங்கள் மட்டும் அல்ல. எந்த ஊரிலிருந்து யார் வந்தார், யாரை மணந்தார், என்ன வயதில் இறந்தார் என்று சாதாரணத் தமிழரின் வாழ்வைச் சொல்லும் அரிய சான்றுகள் அவை. சிங்கப்பூர்த் தமிழர் வரலாறு பெரும்பாலும் கோயில்கள், சங்கங்கள், பத்திரிகைகள் வழியாகவே எழுதப்பட்டு வருகிறது. லூர்து மாதா பங்கின் பதிவேடுகளைத் திருச்சபையின் அனுமதியோடு, தனிமனிதர்களின் மதிப்புக்குக் குறை நேராமல் ஆராய ஒரு தமிழ் ஆய்வாளராவது முன்வர வேண்டும்.

மடத்து அனாதைகளுக்குக் கிடைக்காமல் போன பெயர்கள், இந்தத் தமிழர்களுக்கேனும் வரலாற்றில் கிடைக்கட்டும்.